மழை பெய்தால் விடுமுறை

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கொஞ்ச நேரத்தை நிரப்ப வேண்டும் என்றால் சொந்தக் கதையில் கை வைத்துவிடுவோம். சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நிகழ்ச்சியில் நானும் அதைத்தான் செய்தேன். வெளியே கொட்டும் மழை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். “உங்கள் சிறு வயதில் மழை நாள் எப்படி இருந்தது?” என்று நேயர்களைக் கேட்டேன். அழைப்புகள் வருவதற்குள் என் கதையைச் சொன்னேன்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே லயத்து வீட்டில் பாட்டி, அப்பா, அம்மா, நான், தம்பி என்று ஐந்து பேர். அப்பாவும் அம்மாவும் மரம் வெட்டுகிறவர்கள். விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் அன்று வேலை இல்லை. பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டுவழியே ஓடாமல் மரமெல்லாம் வழியும். மங்கில் விழுகிற கொஞ்சப் பாலும் மழைத் தண்ணீரோடு போய்விடும். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில்தான் இப்படிப்பட்ட மழை அதிகம். அந்த நாளில் அப்பா வீட்டில் இருப்பார், அம்மா வீட்டில் இருப்பார். தகரக் கூரையில் சத்தம் காதைப் பிளக்கும். பாட்டி கொல்லை வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்துப் போடுவார். ரேடியோ பாடும். தம்பியும் நானும் அம்மாவின் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு கதை கேட்போம். “மழை பெய்தால் எங்களுக்கு விடுமுறை” என்று சொல்லி முடித்தேன்.

அன்று அழைத்தவர்கள் எல்லாரும் அதே மாதிரி இனிப்பான கதைகளைச் சொன்னார்கள். நிகழ்ச்சி நன்றாகப் போன மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் தினமும் கேட்பார்.

“கேட்டேன். நல்லாத்தான் பேசுன,” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. “மழை நாளப் பத்தி அவ்வளவு சொன்னியே, அது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?”

நான் கேட்டதில்லை. எனக்கு முப்பத்தாறு வயது. ஊடகம் படித்து, பன்னிரண்டு ஆண்டுகளாக மற்றவர்களிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன். அம்மாவிடம் இதைக் கேட்டதில்லை.

பழைய சாலையில் ஒரு பயணம்

“ஒரு நாள் தோட்டத்துக்குப் போய்ட்டு வரலாமா?” என்று கேட்டபோது அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “அங்க என்ன இருக்கு?” என்றார். நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தது 2000ஆம் ஆண்டு. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் பிரிவில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நாங்கள் சுங்கை பூலோவில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. அதற்குப் பிறகு அம்மா ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. அப்பா இருந்தவரை ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போய் வருவார். அம்மாவுக்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

கடைசியில் என் ஏழு வயது மகள்தான் அவரைக் கிளப்பினாள். “பாட்டி, நீங்க சின்ன வீட்ல இருந்தீங்களாமே, எனக்குக் காட்டுங்க,” என்றாள். ஒரு சனிக்கிழமை மதியம் மூவரும் கிளம்பினோம்.

கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூர் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். 2011இல் லாட்டார் நெடுஞ்சாலை திறந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அம்மாதான் பழைய சாலையில் போகச் சொன்னார். சுங்கை பூலோவிலிருந்து ஈஜோக் வழியாக அசாம் ஜாவாவுக்குப் போகும் சாலை. “பஸ்ஸு இதுலதான் வரும். உங்கப்பா நின்னுக்கிட்டே வருவாரு. நான் உன்ன மடியில வச்சிருப்பேன்.”

சாலை இன்று அகலமாகிவிட்டது. இரு பக்கமும் தொழிற்சாலைகள், புதிய வீடமைப்புத் திட்டங்கள். ஈஜோக் தாண்டிய பிறகுதான் செம்பனை தொடர்ச்சியாக வருகிறது. 1980கள் வரை உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் தந்த நாடு மலேசியா. இந்தச் சாலையில் அன்று கண்ணுக்கு எட்டியவரை ரப்பர் மரங்கள்தான். இப்போது ஒரு ரப்பர் மரத்தைக் காட்டச் சொல்லி மகள் கேட்டாள். முப்பது கிலோமீட்டர் போயும் என்னால் ஒன்றைக் காட்ட முடியவில்லை.

புக்கிட் ரோத்தானில் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் நிறுத்தினோம். எங்கள் காலத்தில் இந்தக் கோயில் இல்லை. இன்று கோலாலம்பூர், கிள்ளானிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வார இறுதியில் வருகின்றன. கற்சிற்பங்களை மகள் வாய் பிளந்து பார்த்தாள். அம்மா நீண்ட நேரம் கண்ணை மூடி நின்றார். வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது, “நம்ம மாரியம்மா கோயிலுக்குத் தகரம்தான் கூரை. ஞாபகம் இருக்கா?” என்றார். பயணம் தொடங்கியதிலிருந்து தோட்டத்தைப் பற்றி அவராகவே சொன்ன முதல் வார்த்தை அது.

குழாயடி

தோட்டத்து வாயிலில் காவலாளியிடம் விவரம் சொன்னோம். “கோயிலுக்குத்தானே, போங்க,” என்று விட்டுவிட்டார். மண்சாலை. இரு பக்கமும் செம்பனை, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். என் மனத்தில் இருந்த வரைபடம் எதனோடும் பொருந்தவில்லை. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் உர மூட்டைகள் அடுக்கிய கொட்டகை. தோட்டப் பள்ளி இருந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தளம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. எங்கள் பள்ளிபோன்ற எத்தனையோ பள்ளிகள் அப்படி வந்தவைதான். லயங்கள் போனபோது பிள்ளைகளும் போனார்கள். பிள்ளைகள் இல்லாத பள்ளியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

மாரியம்மன் கோயில் மட்டும் இருந்தது. யாரோ வந்து விளக்கேற்றுகிறார்கள். எண்ணெய் காயவில்லை. தகரக் கூரை போய் ஓடு வந்திருக்கிறது.

நான் எங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடினேன். அம்மா அதைத் தேடவில்லை. கோயிலைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் நடந்து, புல்லை விலக்கி, காலால் தட்டினார். உடைந்த சிமெண்டு மேடை ஒன்று தெரிந்தது.

“இங்கதான் கொழாய். காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். தண்ணி வர்றதுக்கு முன்னாடியே வாளிய வரிசையில போட்டுட்டுப் போயிரணும்.”

எனக்கு அந்தக் குழாயடி ஞாபகம் இருந்தது. நாங்கள் குளித்து விளையாடிய இடம். சோப்பு நுரையை ஒருவர் மேல் ஒருவர் ஊதிக்கொண்டு நின்ற இடம். அதையும் ஒருமுறை வானொலியில் சொல்லியிருக்கிறேன்.

மகள் பக்கத்தில் தும்பியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அந்த மேடையில் உட்கார்ந்து அம்மா தன்னுடைய ஒரு நாளைச் சொன்னார். நான் கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். “வேணாம், சும்மா கேளு,” என்றார்.

மூன்றே முக்காலுக்கு எழுந்திருப்பார். ஒரு அடுப்பில் சோறு, இன்னொன்றில் வறக்கோப்பி. மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு, எங்கள் பள்ளி உடுப்பை எடுத்துப் பாட்டியிடம் வைத்துவிட்டு, நீளக்கைச் சட்டை, தலைத்துணி, நெற்றி விளக்கு. இடுப்பில் கொளுத்திய கொசுவத்தி. ஐந்தரைக்குப் பெரட்டு. வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டிலேயே தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூற்றைம்பது மரம். முதலில் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுக்க வேண்டும். பிறகு உளியால் மெல்லிசாக ஒரு சீவல். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோர் சத்தம் போடுவார். ஆழம் குறைந்தால் பால் வராது. எல்லா மரத்தையும் வெட்டி முடித்துவிட்டுத் திரும்ப முதல் மரத்திலிருந்து மங்குகளில் இருக்கும் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வர வேண்டும். இரண்டு பக்கமும் வாளி தொங்கும் காண்டாவைத் தோளில் வைத்து ஸ்டோருக்கு நடை. நிறுத்து, எழுதி, வீடு வந்து சேர ஒரு மணி ஆகிவிடும். வந்ததும் துணி, தண்ணீர், விறகு, இரவுச் சமையல். எட்டு மணிக்குப் படுத்தால்தான் மறுபடி மூன்றே முக்காலுக்கு எழ முடியும்.

“மழ வந்தா?” என்று கேட்டேன்.

“பாலு இல்லேன்னா காசு ஏது?”

இதைச் சொல்ல அம்மா குரலை உயர்த்தவில்லை. மழை மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் போய்விடும். சம்பளம் பாதியாகும். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போவார். அந்த நேரம் பார்த்து ஆண்டு முடியும். ஜனவரியில் பள்ளி திறக்கும். காலணி, உடுப்பு, புத்தகம். நான் மூன்றாம் ஆண்டு முடித்த வருடம் மழை விடவே இல்லையாம். அம்மா கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கோல சிலாங்கூர் பட்டணத்து அடகுக் கடையில் வைத்துவிட்டு, எனக்கும் தம்பிக்கும் காலணி வாங்கி வந்திருக்கிறார். அந்தச் சங்கிலி திரும்பி வரவில்லை. அது அவருடைய அம்மா கல்யாணத்துக்குப் போட்டது.

“அப்ப நீ கதைகேட்டுப் படுத்திருப்ப. நான் கூரையப் பாத்துக்கிட்டே கத சொல்லுவேன். எப்ப விடும், எப்ப விடும்னு ஒரு காது மழயிலதான் இருக்கும். ஒரு கதய ரெண்டு வாட்டி சொல்லிருவேன். நீங்க சிரிப்பீங்க.”

உண்மைதான். அம்மா ஒரே கதையை மறுபடி சொல்லும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அது வேடிக்கைக்காகச் செய்வது என்று நினைத்திருந்தேன்.

“அந்த வாழைப்பழம்?” என்றேன். எனக்கே என் குரல் வேறு மாதிரி கேட்டது.

“வேற என்ன இருந்துச்சு வீட்ல? கொல்லையில வாழ இருந்துச்சு. ஒங்க பாட்டி கெட்டிக்காரி. மத்தியானத்துக்கு மீனு வாங்கக் காசு இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. ‘இன்னிக்கு மழ, பலகாரம் சாப்பிடலாம்’னு சொல்லுவாங்க.”

வானொலியில் பேசும்போது மௌனம் வந்தால் நாங்கள் பயப்படுவோம். இரண்டு நொடி தாண்டினால் ஏதாவது சொல்லி நிரப்பிவிடுவோம். அன்று என்னிடம் நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில், “நான் சொன்னது எல்லாம் பொய்யாப் போச்சும்மா,” என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரு சொன்னா பொய்யின்னு? நீங்க சந்தோசமா இருந்தது பொய்யா? அதுக்குத்தான அவ்வளவும் பண்ணோம். நீ சொல்றத சொல்லு. இதயும் சேர்த்துச் சொல்லு. அவ்வளவுதான்.” பிறகு எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். “சங்கிலிய எழுதலாம். கடக்காரரு பேர எழுதாத. நல்ல மனுசன்.”

படத்தில் இல்லாதவர்

தோட்டத்திலிருந்து நேராகப் புக்கிட் மெலாவத்திக்குப் போனோம். கோல சிலாங்கூருக்கு வருகிற எல்லாக் குடும்பங்களும் போகும் குன்று இது. சிலாங்கூர் சுல்தானின் கோட்டை இருந்த இடம். 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றித் தங்கள் தலைமை ஆளுநரின் பெயரால் அல்டிங்பர்க் என்று அழைத்தார்கள். பீரங்கிகள் இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன. 1907இல் ஆங்கிலேயர் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கமும் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் சதுப்புக் காடும் அதற்கப்பால் மலாக்கா நீரிணையும் தெரியும்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். அவர்கள் பார்க்க வருவது குரங்குகளை. இங்கே இருக்கும் லோத்தோங் குரங்குகள் சாம்பல் நிறம், சாதுவானவை. குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். நீள வாலுள்ள பழுப்புக் குரங்குகளும் உண்டு. அவை பையைப் பிடுங்கும், கவனம்.

இந்தக் குன்றில் எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பாவின் மோட்டார் மேல் தம்பியும் நானும். பின்னால் பீரங்கி. மாதச் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை முன்னும் பின்னும் உட்காரவைத்து இங்கே கூட்டி வருவார். கச்சான் வாங்கித் தருவார். என் சிறு வயதின் மிக நல்ல நாள்கள் எவை என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன்.

“அம்மா, நீங்க ஏன் ஒரு படத்துலயும் இல்ல?”

“மோட்டார்ல எடம் ஏது? நாலு பேரு எப்படிப் போறது?” என்று சிரித்தார். “நீங்க மூணு பேரும் போனாத்தான் எனக்கு வீட்ல ரெண்டு மணி நேரம் சத்தம் இல்லாம இருக்கும். நானும் ஒங்க பாட்டியும் கொஞ்சம் படுப்போம். அது எனக்கு நல்ல நாளு.”

அம்மாவுக்கும் நல்ல நாள்கள் இருந்திருக்கின்றன. அவை எங்கள் நல்ல நாள்களுக்குள்ளேயே, எங்களுக்குத் தெரியாத இடத்தில் இருந்திருக்கின்றன.

மகளிடம் கைப்பேசியைக் கொடுத்து எங்கள் இருவரையும் பீரங்கிக்குப் பக்கத்தில் படம் எடுக்கச் சொன்னேன். அவள் எடுத்த ஆறு படங்களில் இரண்டில் எங்கள் தலை இருக்கிறது.

இன்னொன்றையும் அங்கேதான் கேட்டேன். எனக்கு ஏழு வயதானபோது காலையில் வானொலியில் என் பெயரைச் சொல்லிப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். அப்போது வானொலி 6 என்போம். இன்றைய மின்னல் எஃப்எம். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் சீப்போடு அப்படியே நின்றுவிட்டேன். அறிவிப்பாளரின் வாயில் என் பெயர் வந்த அந்த நிமிடத்தில்தான் இந்த வேலைக்கு நான் வந்துவிட்டேன் என்று நேர்காணல்களில் சொல்வேன். அட்டையை அனுப்பியது அப்பா என்றே நினைத்திருந்தேன்.

“அவரு எங்க எழுதுவாரு? நான்தான் எழுதுனேன். மூணாவது வரைக்கும்தான படிச்சேன், ஒங்க பள்ளிக்கூடத்து டீச்சர் எழுத்துப் பிழை திருத்திக் குடுத்தாங்க,” என்றார் அம்மா. “ஆனா நான் கேக்கலையே. மரத்துல நின்னேன். வீட்டுக்கு வந்து ஒங்கிட்டதான் கேட்டேன், என்ன சொன்னாங்கன்னு. நீ அந்த அறிவிப்பாளரு மாதிரியே பேசிக் காட்டுன.”

அது எனக்கு ஞாபகமே இல்லை. என் முதல் நேயர் யார் என்று இனி யாராவது கேட்டால் பதில் தெரியும்.

பதினைந்து கிலோமீட்டர்

கோல சிலாங்கூர் வந்துவிட்டு மின்மினி பார்க்காமல் போகக்கூடாது. பட்டணத்திலிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டரில் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. அந்த மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் கூடி, ஒரே தாளத்தில் விளக்கு எரிந்து அணைவதுபோல மின்னும். உலகின் பல பகுதிகளிலிருந்து இதைப் பார்க்க வருகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. முழுநிலவு நாளைத் தவிர்த்துவிடுங்கள், வெளிச்சத்தில் எடுபடாது. மழை இருந்தாலும் பயனில்லை. இருட்டிய பிறகு எட்டு மணி வாக்கில் நல்ல நேரம். துடுப்புப் போடும் சிறு சம்பானில் போவதால் சத்தம் இல்லை. உயிர்காப்பு அங்கி தருவார்கள். கைப்பேசி விளக்கையும் படமெடுக்கும் ஒளியையும் அணைத்துவிட வேண்டும். கொசுக்கடிக்கு ஏதாவது தடவிக்கொண்டு போங்கள். இரவு உணவை முன்னதாகவே எதிர்க்கரைப் பாசிர் பெனம்பாங்கில் முடித்துக்கொள்ளலாம். கடல் உணவுக்குப் பெயர் போன மீனவர் ஊர் அது.

அன்று மேகம் இல்லை, நிலவும் இல்லை. சம்பானில் ஏறும்போது அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். படகு ஒரு வளைவு திரும்பியதும் மகள், “பாட்டி, தீபாவளி!” என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

படகுக்காரர் வயதான மலாய்க்காரர். தணிந்த குரலில் விளக்கிக்கொண்டு வந்தார். மின்னும்போதுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். இந்தப் பூச்சி புழுவாக இருக்கும் காலம் மரத்தில் இல்லை, கரைக்குப் பின்னால் இருக்கும் ஈரமான சதுப்பு நிலத்தில். அங்கே சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. அந்த நிலத்தை வெட்டி எடுத்துவிட்டால் மரம் இருந்தும் பயனில்லை, மின்னுவதற்குப் பூச்சி இருக்காது என்றார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அம்மா மலாயில் அவரிடம் கேட்டார்: “இது முன்னாடியும் இருந்துச்சா? ஒரு முப்பது வருசத்துக்கு முன்னாடி?”

“இருந்துச்சு மாக்சிக். இதைவிட அதிகமாவே இருந்துச்சு. தினமும்தான்.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “பதினஞ்சு கிலோமீட்டர். பதினாறு வருசம் பதினஞ்சு கிலோமீட்டர்ல இருந்திருக்கேன். பேரு கேட்டிருக்கேன். ஒரு நாளும் பாத்ததில்ல.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று மதியம் குழாயடியில் அந்தக் கணக்கைக் கேட்டிருந்தேன். மின்மினி எட்டு மணிக்குத் தொடங்குகிறது. அம்மா எட்டு மணிக்குப் படுப்பார்.

கரை வந்த பிறகு படகிலிருந்து இறங்க மகள் மறுத்தாள். இன்னொரு சுற்றுப் போகலாம் என்று அடம். நேரமாகிவிட்டது, நாளை பரதநாட்டிய வகுப்பு இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா பணப்பையைத் திறந்துவிட்டார். “நான் குடுக்கறேன். நீ வர்றதுன்னா வா, இல்ல காடியில உக்காரு,” என்றார்.

மூவரும் மறுபடி போனோம். இரண்டாவது முறை யாரும் பேசவில்லை. மகள் பாட்டியின் மடியில் சாய்ந்து மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் இரண்டு கைகளும் அவள் தலைமேல் இருந்தன. அந்தக் கைகளின் வாடையும் எனக்கு நினைவுக்கு வந்தது. எத்தனை முறை கழுவினாலும் போகாத ரப்பர் பால் வாடை. எங்களுக்கு அதுதான் அம்மா வீட்டில் இருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

அடுத்த வாரம் நிகழ்ச்சியில் மறுபடி மழை நாளைப் பற்றிப் பேசினேன். இந்த முறை வாழைப்பழத்தையும் சொன்னேன், சங்கிலியையும் சொன்னேன். நேயர்களிடம், “உங்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டு அழையுங்கள்,” என்றேன். அன்று அழைப்புகள் வரக் கொஞ்சம் நேரமானது. வந்தவை வேறு மாதிரி இருந்தன.

ஆனால் எனக்கு அந்தப் பயணத்தில் தங்கியது காரில் வீடு திரும்பிய நேரம்தான். மகள் பின்னால் தூங்கிவிட்டாள். அசாம் ஜாவா தாண்டி லாட்டாரில் ஏறினோம். பழைய சாலை வேண்டாம், சீக்கிரம் போகலாம் என்று அம்மாவே சொன்னார்.

“மணி என்னடி?”

“பத்தாகப் போகுதும்மா.”

“பத்தா!” என்றார். பிறகு தனக்குத்தானே சிரித்தார். “நாளைக்குப் பெரட்டு இல்ல. பரவால்ல.”